பணி விடுமுறை விசா: 30 வயது வரம்பு எந்த நாளில் கணக்கிடப்படும்? இந்தியர்களுக்கான தகுதிகள் என்ன?

புதுதில்லி: வெளிநாடு ஒன்றில் ஓராண்டோ ஈராண்டோ தங்கி, ஊர்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே, அதற்கான செலவை அங்கேயே உழைத்து ஈட்டிக்கொள்ள இளைஞர்களுக்கு இடமளிப்பது பணி விடுமுறை விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு இவ்வாய்ப்பு நீண்ட காலம் கிடைக்கவில்லை. 2023-ஆம் ஆண்டு பிரிட்டனும், 2024-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவும் இவ்வகைத் திட்டங்களை இந்தியர்களுக்குத் திறந்துவிட்டன.

இரு நாடுகளும் விதித்துள்ள வயது வரம்பு 18 முதல் 30 வரை. எளிதாகத் தோன்றும் இந்த வரம்பு குறித்தே இளைஞர்களிடையே ஐயங்கள் அதிகம். 30 வயது நிறைவடைந்தவர் விண்ணப்பிக்கலாமா? வயது எந்த நாளில் கணக்கிடப்படும்? குலுக்கலில் தேர்வான பின் 31-ஆவது பிறந்தநாள் வந்துவிட்டால் என்னவாகும்? இவ்வினாக்களுக்கான விடைகளும், இரு திட்டங்களின் பிற தகுதிகளும் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

திட்டத்தின் அடிப்படை

பணி விடுமுறைத் திட்டத்தை ஆஸ்திரேலியா 1975-ஆம் ஆண்டு பிரிட்டன், அயர்லாந்து, கனடா ஆகிய நாடுகளின் இளைஞர்களுக்காகத் தொடங்கியது. பின்னர் பல நாடுகள் தங்களுக்குள் இருதரப்பு உடன்பாடு செய்துகொண்டு இதனைப் பின்பற்றின. எந்த நாட்டுக் குடிமக்களுக்கு, எத்தனை வயது வரை, ஆண்டுக்கு எத்தனை இடங்கள் என்பதை அந்த உடன்பாடுகளே தீர்மானிக்கின்றன. ஆகவே, ஒரு நாட்டினருக்குப் பொருந்தும் விதி மற்றொரு நாட்டினருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

வழக்கமான வேலை விசாவிலிருந்து இது பெரிதும் மாறுபட்டது. வேலை விசா பெற, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று முன்வந்து ஆதரவளிக்க வேண்டும். பணி விடுமுறை விசாவுக்கு அத்தகைய நிறுவனம் தேவையில்லை. அந்நாட்டுக்குச் சென்று சேர்ந்த பின்னரே வேலை தேடிக்கொள்ளலாம். அதே வேளையில், இது குடியேற்றத்துக்கான வழி அன்று. குறிப்பிட்ட காலம் முடிந்ததும் நாடு திரும்புவது அல்லது வேறு வகை விசாவுக்குத் தனியே தகுதி பெறுவது கட்டாயம்.

‘30 வயது வரை’ என்பதன் பொருள்

நம் நாட்டில் வயதைச் சொல்லும் வழக்கம் இருவகைப்படும். ‘30 முடிந்து 31 நடக்கிறது’ என்று நடப்பு வயதைச் சொல்வோரும் உண்டு. நிறைவடைந்த வயதை மட்டும் சொல்வோரும் உண்டு. விசா விதிகளில் கணக்கில் கொள்ளப்படுவது நிறைவடைந்த வயதே. 30 வயது நிறைவடைந்து, 31-ஆவது பிறந்தநாள் இன்னும் வராதவர் 30 வயதினராகவே கருதப்படுவார். எனவே, ‘31 நடக்கிறது, இனி இயலாது’ என்று எண்ணி ஒதுங்க வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக, 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி பிறந்தவருக்கு 2027-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி 31 வயது நிறைவடைகிறது. அவருக்கு வயது வரம்பின் கடைசி நாள் 2027 ஆகஸ்ட் 19.

இங்கு கணக்கிடப்படுவது கடவுச்சீட்டில் உள்ள பிறந்த தேதியாகும். பள்ளியில் சேர்ப்பதற்காகச் சில மாதங்கள் கூட்டியோ குறைத்தோ தேதி பதியப்பட்ட நிலை பல குடும்பங்களில் உண்டு. உண்மைப் பிறந்தநாள் எதுவாயினும், விண்ணப்பத்தில் கடவுச்சீட்டின் தேதியையே குறிப்பிட வேண்டும். தேதியைத் திருத்த விரும்புவோர் குலுக்கலில் பதிவு செய்வதற்கு முன்பே அதனை முடித்துக்கொள்வது நல்லது.

பிரிட்டன்: இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டம்

இந்தியாவும் பிரிட்டனும் 2021-ஆம் ஆண்டு மே மாதம் கையொப்பமிட்ட இடப்பெயர்வு மற்றும் போக்குவரத்துக் கூட்டுறவு உடன்பாட்டின் விளைவாக உருவான இத்திட்டம், 2023 பிப்ரவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 3,000 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. விசா பெறுபவர் 2 ஆண்டுகள் வரை பிரிட்டனில் தங்கி வேலை செய்யலாம், படிக்கலாம்.

முக்கியத் தகுதிகள்:

- இந்தியக் குடிமகனாக இருத்தல். பிரிட்டன் செல்லும் நாளில் 18 வயது நிறைவடைந்திருத்தல். விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் 31 வயது நிறைவடையாதிருத்தல்.
- இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு மேற்பட்ட கல்வித் தகுதி.
- வங்கிக் கணக்கில் 2,530 பவுண்டு சேமிப்பு. இத்தொகை தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28-ஆவது நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாள்களுக்குள் அமைய வேண்டும்.
- தம்முடன் வசிக்கும் அல்லது தம் பொருளாதார ஆதரவில் உள்ள, 18 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இல்லாதிருத்தல்.
- இதற்கு முன் இத்திட்டத்தின்கீழ் பிரிட்டனில் தங்கியிராதிருத்தல்.

விண்ணப்பிப்பதற்கு முன் இணையவழிக் குலுக்கலில் பதிவு செய்ய வேண்டும். பொதுவாகப் பிப்ரவரியிலும் ஜூலையிலும் என ஆண்டுக்கு இருமுறை குலுக்கல் நடைபெறுகிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 48 மணி நேரம் மட்டுமே பதிவு திறந்திருக்கும். பெரும்பாலான இடங்கள் பிப்ரவரிக் குலுக்கலிலேயே நிரப்பப்படுகின்றன. பதிவுக்குக் கட்டணம் இல்லை. பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு விவரம், அதன் ஒளிப்படம், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவை போதும். முடிவு 2 வாரங்களுக்குள் மின்னஞ்சலில் தெரிவிக்கப்படும். தேர்வாகாதவர்கள் தகுதி வரம்புக்குள் இருக்கும் வரை அடுத்தடுத்த குலுக்கல்களில் பங்கேற்கலாம்.

இங்கு கவனிக்க வேண்டியது, வயது கணக்கிடப்படும் நாள். குலுக்கல் நாளில் 30 வயதினராக இருப்பது மட்டும் போதாது. விசா விண்ணப்பத்தைச் செலுத்தும் நாளிலும் 31 நிறைவடையாதிருக்க வேண்டும். அழைப்பு மின்னஞ்சலில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒன்று குறிப்பிடப்பட்டிருந்தாலும், அதற்கு முன்பே பிறந்தநாள் வந்துவிடுமானால், அந்தப் பிறந்தநாளுக்கு முந்தைய நாளே அவருக்கு உண்மையான கடைசி நாள். மாறாக, 30 வயதில் விண்ணப்பித்து விசா பெற்ற பின் 31 வயதாவது தடையன்று. விசா செல்லுபடியாகும் காலம் முழுவதும் அவர் பிரிட்டனில் தங்கலாம்.

2025 ஏப்ரல் நிலவரப்படி விசா கட்டணம் 319 பவுண்டு. இதனுடன் 2 ஆண்டுகளுக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் 1,552 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 1,871 பவுண்டு ஆகிறது. சேமிப்பாகக் காட்ட வேண்டிய 2,530 பவுண்டு இதில் அடங்காது. காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் தேவை. அது பிரிட்டன் அரசு அங்கீகரித்த மருத்துவ மையத்தில் பெற்றதாக இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா: 462 பிரிவு விசா

இந்தியா – ஆஸ்திரேலியா பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வணிக உடன்பாடு 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டபடி, ஆண்டுக்கு 1,000 இந்தியர்களுக்குப் பணி மற்றும் விடுமுறை விசா வழங்கும் திட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. முதல் குலுக்கலுக்கான பதிவு அதே ஆண்டு அக்டோபரில் நடைபெற்றது. பதிவு தொடங்கிய இரண்டே வாரங்களில் ஏறத்தாழ 40,000 பேர் பதிவு செய்ததாக அந்நாட்டு அமைச்சர் அப்போது தெரிவித்தார். அதாவது, ஓரிடத்துக்கு 40 பேர் என்ற அளவில் போட்டி இருந்தது.

முக்கியத் தகுதிகள்:

- வயது 18 முதல் 30 வரை. குலுக்கலுக்குப் பதிவு செய்யும்போதே இவ்வரம்புக்குள் இருக்க வேண்டும்.
- பட்டம் அல்லது பட்டயம் போன்ற உயர்கல்வித் தகுதி. அல்லது பள்ளிக் கல்விக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு உயர்கல்வியை வெற்றிகரமாக முடித்திருத்தல்.
- அடிப்படை ஆங்கிலத் திறன். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் சராசரியாக 4.5 மதிப்பெண் இதற்குப் போதுமானது.
- ஏறத்தாழ 5,000 ஆஸ்திரேலிய டாலர் கைவசம் இருத்தல். அத்துடன் நாடு திரும்புவதற்கான பயணச்செலவுக்கும் பணம் இருத்தல்.
- குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லாதிருத்தல்.
- இதற்கு முன் 417 அல்லது 462 பிரிவு விசாவில் ஆஸ்திரேலியாவில் தங்கியிராதிருத்தல்.
- விண்ணப்பிக்கும்போதும், விசா வழங்கப்படும்போதும் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருத்தல்.

குலுக்கல் பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். இந்தியர்கள் கடவுச்சீட்டு விவரத்துடன் வருமான வரித்துறையின் பான் அட்டை விவரத்தையும் அளிக்க வேண்டும். தேர்வு பெற்றவருக்கு விண்ணப்பிக்க 28 நாள்கள் மட்டுமே வழங்கப்படும். 2025 ஜூலை நிலவரப்படி விசா கட்டணம் 670 ஆஸ்திரேலிய டாலர்.

இந்த 28 நாள்களுக்குள் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்து, எழுதி, முடிவு பெறுவது பலருக்குக் கடினமாக இருக்கும். பள்ளிக் கல்வியைத் தமிழ் உள்ளிட்ட தாய்மொழிகளில் பயின்றவர்கள் தேர்வை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது பயன் தரும். 31-ஆவது பிறந்தநாளை நெருங்கிக்கொண்டிருப்போர், பதிவோடு நில்லாமல், விசா விண்ணப்பத்தையும் அந்நாளுக்கு முன்பே செலுத்திவிடுமாறு திட்டமிடுவதே பாதுகாப்பானது.

விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைய வேண்டும். நுழைந்த நாளிலிருந்து 12 மாதங்கள் தங்கலாம். பொதுவாக ஒரே முதலாளியிடம் 6 மாதங்களுக்கு மேல் பணிபுரிய அனுமதியில்லை. படிப்பதாயின் 4 மாதங்கள் வரை மட்டுமே படிக்கலாம்.

முதல் விசாக் காலத்தில், வரையறுக்கப்பட்ட பகுதிகளில் வேளாண்மை போன்ற குறிப்பிட்ட பணிகளை 3 மாதங்கள் செய்தவர்கள், இரண்டாவது ஆண்டுக்கான விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் வயது வரம்பு 30 என்பதை மறந்துவிடக் கூடாது. 30-ஆம் வயதின் இறுதியில் ஆஸ்திரேலியா செல்பவர், தேவையான பணியை முடிப்பதற்குள் 31 வயதை எட்டிவிட்டால் இரண்டாவது விசாவுக்கான தகுதியை இழப்பார்.

மணமானவர்கள், குழந்தை உள்ளவர்கள்

திருமணமானவர் விண்ணப்பிக்க இரு நாடுகளிலும் தடையில்லை. ஆனால், கணவனையோ மனைவியையோ சார்ந்திருப்போர் என்ற முறையில் இதே விசாவில் அழைத்துச் செல்ல இயலாது. இருவரும் செல்ல விரும்பினால், இருவரும் தனித்தனியே குலுக்கலில் தேர்வாக வேண்டும்.

குழந்தை உள்ளவர்களுக்கு இரு நாட்டு விதிகளும் வேறுபடுகின்றன. குழந்தை உடன் வரக்கூடாது என்பதே ஆஸ்திரேலியாவின் நிபந்தனை. தாத்தா, பாட்டியின் பொறுப்பில் குழந்தையை விட்டுச் செல்பவருக்கு அங்கே தடையில்லை. பிரிட்டனிலோ, குழந்தை இந்தியாவிலேயே இருந்தாலும், அதன் செலவுகளுக்கு விண்ணப்பதாரரைச் சார்ந்திருந்தால் அவர் தகுதி பெறமாட்டார். வயது, பட்டம், சேமிப்பு ஆகிய அனைத்தும் பொருந்தியிருந்தாலும் இந்த ஒரு நிபந்தனை விண்ணப்பம் நிராகரிக்கப்படக் காரணமாகலாம்.

‘35 வயது வரை’ என்ற தகவல் உண்மையா?

உண்மைதான், ஆனால் இந்தியர்களுக்கு அன்று. பிரிட்டனின் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, தென்கொரியா ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கு வரம்பு 35 வயது. ஆஸ்திரேலியாவின் 417 பிரிவு விசாவில் பிரிட்டன், கனடா, பிரான்ஸ், அயர்லாந்து உள்ளிட்ட சில நாட்டினருக்கும் 35 வயது வரை வாய்ப்புண்டு. இத்தகவல்களை நாட்டின் பெயரைக் குறிப்பிடாமல் சமூக ஊடகங்களில் பகிர்வதே குழப்பத்துக்குக் காரணம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 417 பிரிவு விசா கிடையாது. 462 பிரிவு மட்டுமே உண்டு.

கனடாவின் பன்னாட்டு அனுபவத் திட்டத்திலும், ஜப்பானின் பணி விடுமுறைத் திட்டத்திலும் உடன்பாடு செய்துகொண்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. நியூசிலாந்துடனான தடையற்ற வணிக உடன்பாட்டுப் பேச்சுவார்த்தை 2025 டிசம்பரில் நிறைவடைந்தபோது, ஆண்டுக்கு 1,000 இந்திய இளைஞர்களுக்குப் பணி விடுமுறை விசா வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த உடன்பாடு நடைமுறைக்கு வந்த பின்னரே அதன்கீழ் விண்ணப்பிக்க இயலும்.

முகவர்களிடம் எச்சரிக்கை

பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய இரு நாடுகளும் தேர்வைக் கணினிவழிக் குலுக்கலில் நடத்துகின்றன. கல்வி மதிப்பெண்ணோ, பணி அனுபவமோ, முன்னதாகப் பதிவு செய்ததோ தேர்வில் முன்னுரிமை தருவதில்லை. எனவே, ‘குலுக்கலில் பெயர் வரச் செய்கிறோம்’ என்று கூறிப் பணம் கேட்பவர் எவராயினும், அவரால் நிறைவேற்ற இயலாத ஒன்றையே விற்கிறார். பிரிட்டன் குலுக்கல் கட்டணமற்றது. ஆஸ்திரேலியக் குலுக்கலுக்கு 25 டாலர் மட்டுமே. இரண்டையும் அந்தந்த நாட்டு அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் விண்ணப்பதாரரே நேரடியாகச் செய்யலாம்.

‘கனடா பணி விடுமுறை விசா’, ‘40 வயது வரை அனுமதி’ போன்ற விளம்பரங்களை, மேற்குறித்த விவரங்களோடு ஒப்பிட்டாலே அவற்றின் தன்மை விளங்கும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் உள்ளது. இணையவழியில் பணம் இழந்தவர்கள் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

குலுக்கலில் தேர்வாவது விசா அன்று. விண்ணப்பிப்பதற்கான அழைப்பு மட்டுமே. அழைப்பு வந்த பின் ஆவணங்களைத் தேடத் தொடங்குவோருக்குக் காலம் போதாமல் போகலாம். எனவே, கீழ்க்கண்டவற்றைப் பதிவுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முதலாவதாக, பெயர். தமிழகத்தில் தந்தை பெயரை முன்னெழுத்தாக மட்டும் எழுதும் வழக்கம் இருப்பதால், பட்டச் சான்றிதழில் முன்னெழுத்தும், கடவுச்சீட்டிலும் பான் அட்டையிலும் தந்தையின் முழுப்பெயரும் இடம்பெறுவது உண்டு. இவ்வேறுபாடுகளைக் கூடியவரை முன்னரே சீர்செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, பட்டச் சான்றிதழ். படிப்பை முடித்தும் பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருப்போர், பல்கலைக்கழகத்திலிருந்து தற்காலிகப் பட்டச் சான்றையும் மதிப்பெண் பட்டியலையும் பெற்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, சேமிப்பு. பிரிட்டனுக்கு 28 நாள் விதி இருப்பதால், கடைசி நேரத்தில் கடன் வாங்கிக் கணக்கில் செலுத்தும் பணம் பயன்படாது.

நான்காவதாக, கட்டண விவரம். பிரிட்டன் பெரும்பாலும் ஏப்ரலிலும், ஆஸ்திரேலியா ஜூலையிலும் விசா கட்டணங்களை மாற்றியமைக்கின்றன. விண்ணப்பிக்கும் நாளில் அரசு இணையதளத்தில் உள்ள தொகையே இறுதியானது.

இறுதியாக, நாள்கணக்கு. 31-ஆவது பிறந்தநாளைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அந்நாளுக்கு முன் எத்தனை குலுக்கல்கள் வருகின்றன, அவற்றில் தேர்வானால் முடிவு வெளியாகி விண்ணப்பிக்க எத்தனை நாள்கள் எஞ்சியிருக்கும் என்று பார்த்தால், எஞ்சியுள்ள வாய்ப்புகள் தெளிவாகும். பிரிட்டன் குலுக்கல் ஆண்டுக்கு இருமுறை நடப்பதால், 28 வயதில் தொடங்குபவருக்கு ஏறத்தாழ 6 வாய்ப்புகள் வரை கிடைக்கலாம். 30-ஆவது பிறந்தநாளுக்குப் பின் தொடங்குபவருக்கு அதிகபட்சம் இரண்டுதான். தகுதி உள்ளவர்கள் கடைசி ஆண்டுவரை காத்திராமல், பட்டம் பெற்றவுடனேயே பதிவு செய்யத் தொடங்குவதே வாய்ப்பைப் பெருக்கும் வழியாகும்.